வாங்க, வாங்க: தனியாக வசிக்கும் பெண்களுக்கு எளிய வழிகாட்டி

சென்னையில் ஒரு பெட்ரூம் வீடு கிடைத்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பால் காய்ச்சியாயிற்று. இனி உங்கள் கவலை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: யாரும் உங்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

1. பூட்டை மாற்றாதீர்கள். முன்பு குடியிருந்தவர், அவர் தம்பி, அவர்கள் வீட்டில் வேலை பார்த்த அக்கா, ஹவுஸ் ஓனர், ஓனரின் மருமகன், பெயின்ட் அடிக்க வந்தவர் என்று ஊரில் பாதிப் பேரிடம் சாவி இருக்கிறது. இவ்வளவு பேரின் உறவை முறிப்பதா?

2. மாற்றியே தீருவேன் என்கிறீர்களா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே வாங்குங்கள். வாங்கி, மாற்றுச் சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் இடது ஷூவுக்குள் போட்டுவையுங்கள். துளசித் தொட்டி, மீட்டர் பெட்டி, மிதியடி ஆகியவையும் ஏற்கத்தக்கவை. திருடருக்குத் தெரிந்தது இந்த நான்கு இடங்கள்தான். ஐந்தாவதைக் கண்டுபிடித்து அவரை அலைக்கழிக்காதீர்கள்.

3. மணி அடித்ததும் கதவைத் திறந்துவிடுங்கள். கதவு லென்ஸின் மேல் ஏற்கெனவே பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பீர்கள், மிக நல்லது. சங்கிலியைப் போட்டுக்கொண்டு இடுக்கு வழியாகப் பேசினால் வந்தவர் மனம் என்ன பாடுபடும்!

"கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கோம் மேடம்" என்பார். நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறாரே, அந்த அக்கறைக்கு உருகுங்கள். அடையாள அட்டை கேட்காதீர்கள். ஏஜென்சிக்குப் போன் போட்டு "ஆள் அனுப்பினீங்களா?" என்று விசாரிப்பது அவரை முகத்துக்கு நேரே அவமதிப்பது. உட்காரச் சொல்லி ஃபேனைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடி தண்ணீர் கொண்டுவரப் போங்கள்.

"வீட்ல வேற யாரும் இல்லையா மேடம்?"

பொய் சொல்லாமல் வளர்ந்தவர் நீங்கள். "இல்லீங்க, நான் மட்டும்தான்" என்று பளிச்சென்று சொல்லுங்கள். எந்த நாளெல்லாம் நைட் ஷிஃப்ட் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குப் பெரிய உபகாரம். "அண்ணன் உள்ளே தூங்கறார்" என்று சொல்ல ஒரு விநாடி போதும்தான். ஆனாலும் பொய் பொய்தானே.

வாசலில் ஆண் செருப்பு ஒன்றைப் போட்டுவைக்கும் பழைய உத்தியை நான் தடுக்க மாட்டேன். வருடக்கணக்காக அதே செருப்பு, அதே இடம், மேலே அதே தூசி. அதைத் துடைக்காதீர்கள்.

4. பார்சல் அட்டைப்பெட்டிகளைப் பெயர், கதவு எண், செல் நம்பர் ஒட்டிய சீட்டோடு அப்படியே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் வையுங்கள். எழுத்து மேலே பார்த்தபடி.

5. குளிக்கப் போகும்போது செல்லை ஹாலில் சார்ஜில் போடுங்கள். பிறகு, மழைக்காலத்தில் மக்கர் செய்யும் அந்தத் தாழ்ப்பாளை உள்ளிருந்து பலமாக இழுத்துச் சாத்துங்கள். ஆளே இல்லாத வீட்டில் யாருக்காகத் தாழ்ப்பாள் என்று என்னைக் கேட்காதீர்கள். சிக்கிக்கொண்டால் வென்டிலேட்டர் வழியாகக் கத்தலாம்; கீழ்வீட்டில் சீரியல் ஓடும் நேரமாகப் பார்த்துக் கத்துங்கள்.

6. அவசரத்துக்கு 112, பெண்களுக்கென்றே 181, தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி என்று என்னென்னவோ இருக்கின்றன. செல்போனில் அபாயப் பொத்தான் இருக்க வேண்டும் என்று 2016இலேயே அரசு விதி போட்டது; சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் போதுமாம். எதையும் முன்கூட்டிப் பழகிப் பார்க்காதீர்கள். நள்ளிரவில் யாராவது கதவைத் தட்டினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "யாராச்சும் முழிச்சிருக்கீங்களா?" என்று போடுங்கள். காலையில் பெரியப்பா தாமரைப் பூ படத்துடன் வணக்கம் சொல்வார்.

7. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். எழும்பூர் பிளாட்பாரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் முன் நின்று செல்ஃபி எடுத்து, "நாலு நாள் லீவு!" என்று ஸ்டேட்டஸ் வையுங்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்தாதீர்கள், வாசலில் குவியட்டும். வெளி விளக்கு பகலிலும் எரியட்டும். பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர், மாவு விற்பவர் எல்லோரிடமும் திரும்பும் தேதியைச் சொல்லிவிடுங்கள். காவல் நிலையத்தில் மட்டும் மூச்சு விடாதீர்கள். பூட்டிய வீடு என்று சொல்லிவைத்தால் ரோந்துப் போலீஸ் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்கள். போலீஸ் வந்துபோகிற வீடு என்று எதிர்வீட்டு மாமி தப்பாக நினைத்துக்கொண்டால், யார் போய் விளக்கம் சொல்வது?