வரி மறந்தால் விருது!

கேள்வி: மேடையில் பாடும்போது வரி மறந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டு செய்ததைச் செய்யலாம். ஆனால் அந்தத் தொண்டை வேண்டும்!

1960இல் பெர்லின் கச்சேரியில் 'மேக் த நைஃப்' பாட்டின் நடுவே அவருக்கு வரி மறந்தது. அம்மணி அசரவில்லை. மறந்துபோன சங்கதியையே மெட்டுக்குள் போட்டுப் பாடினார். போகிற போக்கில் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரக் குரலையும் மிமிக்ரி செய்துவிட்டார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது!

எல்லா பாடகி ஆனதே இப்படி ஒரு மேடைத் தடுமாற்றத்தில்தான். 1934இல் நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் புதுமுகங்களுக்கான போட்டி. 17 வயது எல்லா ஆடத்தான் போனார். முன்னால் வந்த எட்வர்ட்ஸ் சகோதரிகளின் ஆட்டத்தைப் பார்த்ததும் கால் உதறல் எடுத்தது. ஆட்டத்தை விட்டுப் பாடினார். முதல் பரிசு.

மறு வருஷமே டிரம்மர் சிக் வெப்பின் பிக் பேண்ட் இசைக்குழுவில் இடம். எல்லாவின் கலைந்த தோற்றத்தைப் பார்த்து முதலில் சேர்த்துக்கொள்ளத் தயங்கியவர்தான் வெப். 1938இல் குழந்தைப் பாட்டு ஒன்றை வைத்து எல்லா செய்த 'எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்'தான் அந்தக் குழுவுக்குப் பெரும் வெற்றி தேடித் தந்தது.

1939இல் வெப் காலமானார். குழு எல்லாவின் பெயரிலேயே 1942 வரை ஓடியது.