நகலுக்கு வாழ்க்கைப்பட்டவன்

குளோரியா கெய்னர் பாடிய 'ஐ வில் சர்வைவ்' பாட்டை முதன்முதலில் கேட்டு முடித்ததும் நான் திருவாய் மலர்ந்தது இது: "பழைய பாட்டை நல்லாத்தான் ரீமிக்ஸ் பண்ணியிருக்காங்க சார்."

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவரின் வீட்டுக் கூடம் அது. ஓடிக்கொண்டிருந்தது 1978இல் வந்த அசல். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைத்ததுண்டு, பாட்டு கிடைத்ததில்லை.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விடுதியில் அறைத்தோழன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில் இருந்தது, கேக் என்ற குழு 1996இல் பாடியது. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோக்காரர்கள். ஜான் மெக்ரே பால் கணக்கு வாசிப்பவர்போலப் பாடுவார். நடுநடுவே ஒரு டிரம்பெட் அலுத்துக்கொள்ளும். கைவிடப்பட்ட ஆண்பிள்ளையின் புலம்பல் என்றே முடிவுகட்டி, என் சொந்தக் காதல் தோல்விக்கு அதைப் பின்னணி இசையாக வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு விஷயமே தெரியாது. ஆகவே கைவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. கேக் குழு வரியில் ஒரு வசைச்சொல்லை நுழைத்தது கெய்னருக்குப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு படித்தேன். நான் மொட்டைமாடியில் உரக்கப் பாடியது அந்த ஒரு சொல்லைத்தான்.

1998 உலகக் கோப்பையைப் பிரான்ஸ் வென்றபோது, அந்த ரசிகர்கள் 'லா லா லா' என்று ஒரு மெட்டை விடாமல் பாடினார்கள். "அது அவங்க ஊர் நாட்டுப்புறப் பாட்டு மச்சான்," என்று அடித்துச் சொன்னேன். ஹெர்மிஸ் ஹவுஸ் பேண்ட் என்ற ரோட்டர்டாம் மாணவர் குழு அதே 'ஐ வில் சர்வைவ்'வைத்தான் பாடியிருந்தது. மச்சான் இன்றுவரை நாட்டுப்புறப் பாட்டு என்றே நம்புகிறார். நானும் திருத்தவில்லை.

கரோக்கேயையும் சொல்லிவிடுகிறேன். பியானோ ஒருமுறை வழிந்து இறங்கியதும், கொஞ்ச நேரம் தாளமில்லாமல் பாட வேண்டும். அதை அமோகமாகச் செய்தேன். தாளமின்மை என் பிறவிக்குணம். பிறகு டிரம்ஸ் உள்ளே வந்தது, நான் வெளியே போனேன். கெய்னர் மேடையில் விழுந்து, முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, முதுகைத் தாங்கும் பட்டையோடு நின்று பதிவுசெய்த பாட்டு அது. எனக்கு ஒரு சுளுக்குகூட இல்லை. இரண்டாவது சரணத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவமானம் அறிவைக் கொடுக்கும் என்று எண்ணித் தேடித்தேடிப் படித்தேன். கம்பெனிக்காரர்கள்கூட இந்தப் பாட்டை நம்பவில்லை. தட்டின் ஏ பக்கத்தில் அவர்கள் போட்டது 'சப்ஸ்டிட்யூட்'. ரைட்டியஸ் பிரதர்ஸ் ஏற்கெனவே பாடியது. நகலை முகத்திலும் அசலை முதுகிலும் வைத்து விற்றிருக்கிறார்கள். எனக்கு உறவுக்காரர்களாக இருக்க வேண்டும். நியூயார்க் ஸ்டூடியோ 54இல் ரிச்சி காக்சர் என்ற டீஜே பின்பக்கத்தைச் சுழலவிட்டார், கூட்டம் ஆடியது, கம்பெனி இறங்கிவந்தது. 1979இல் அமெரிக்காவில் முதலிடம். 1980இல் டிஸ்கோ பதிவுக்கென்று கிராமி; அந்தப் பிரிவில் விருது கொடுத்தது அந்த ஒரே தடவைதான். கெய்னருக்கு முதலில் பேர் வாங்கிக்கொடுத்த 'நெவர் கேன் சே குட்பை'யே ஜாக்சன் 5 பாடியதுதான் என்று தெரிந்த அன்று எனக்கு நல்ல தூக்கம்.

இவ்வளவும் தலைகீழ்ப் பாடம். அந்தத் தெம்பில் பழைய இசைத்தட்டு வியாபாரி ஒருவரிடம் அந்த 45 ஆர்.பி.எம். தட்டை வாங்கினேன். பழைய கணக்கைத் தீர்க்க மூத்தவரை வீட்டுக்கு அழைத்தேன். காபி கொடுத்தேன். முள்ளை வைத்தேன். வேறு ஏதோ பாட்டு.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் எதிரிலேயே வியாபாரிக்குப் போன் போட்டு, உறைக்குள் வேறு தட்டை வைத்து ஏமாற்றிவிட்டதாகக் கத்தினேன். வியாபாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சார், தட்டைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?"

மூத்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.