நட்சத்திரமில்லாத ஜாதகம்

எங்கள் எம்.பி. டெல்லியில் என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிடலாமென, ஒரு ஞாயிறு மத்தியானம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

வருகை பிரமாதம். வருகை பதிவானால்தான் தினப்படி, பதிவாகியிருக்கிறது. பதிந்துவிட்டு அவைக்குள் இருந்தாரா, கேன்டீனில் இருந்தாரா என்று பதிவு கேட்பதில்லை. (அமைச்சர்களுக்கு அந்தப் பதிவும் வேண்டாம்.)

வாக்கு? மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே தேறிவிடுகின்றன. ‘ஆம்’ என்று கத்தியவர் யார், கொட்டாவி விட்டவர் யார் என்று எந்த ஏட்டிலும் இராது. யாராவது வற்புறுத்தினால்தான் தலையை எண்ணுவார்கள். அப்போதும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் புண்ணியத்தில், கொறடா சொன்ன பொத்தானை மாற்றி அமுக்கினால் பதவிக்கே ஆபத்து. எங்கள் எம்.பி.யின் மனசாட்சியை அறிய கொறடாவை விசாரித்தால் போதும்.

பேச்சு, இரண்டு நிமிடம். அதில் ஒன்று தலைவருக்கு நன்றி.

மிஞ்சியது கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும். நாளுக்கு 20-தான், அதற்கும் குலுக்கல். நட்சத்திரமில்லாதவை 230 வரை, பதில் எழுத்தில். நம்மவர் ஜாதகத்தில் நட்சத்திரமே இல்லை. தேடியதில் எழுத்துக் கேள்வி ஒன்று அகப்பட்டது. எங்கள் ஊர் மேம்பாலம் எப்போது முடியும், தாமதம் ஏன், பொறுப்பு யார் என்று (அ)விலிருந்து (உ) வரை விளாசியிருந்தார்.

பதில்: ‘(அ) முதல் (ஈ) வரை: தகவல் திரட்டப்பட்டு வருகிறது. (உ): கேள்வி எழவில்லை.’

பாலமும்தான் எழவில்லை.