இதயத்தின் ஒண்டுக்குடித்தனக்காரர்

கேள்வி: நான் ஒல்லி. ஆனால் எக்கோ எடுத்த டாக்டர், இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது என்கிறாரே?
- வாசகர், கோட்டக்குப்பம்

பதில்: அது எல்லோருக்கும் உண்டு. அளவோடு இருந்தால் இதயத் தசைக்கு எரிபொருள் கொடுக்கும். பெருத்தால்தான் வம்பு. அதற்கும் கரோனரி ரத்தக்குழாய்க்கும் நடுவே தடுப்பே கிடையாது, ஒண்டுக்குடித்தனம்! அது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் நேராகக் குழாய்ச் சுவருக்குள் போய், அடைப்பு வளரத் துணைபோகின்றன.

ஒல்லிக்கு எப்படி என்கிறீர்களா? 2004இல் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் ஜோசியம்கூடச் சொல்லும், இதைச் சொல்லாது. டெய்லர் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பிரியாணியை விட வேண்டாம், இரண்டாவது தட்டை விடுங்கள். கடற்கரை பக்கத்தில்தானே, தினம் வேகமாக நடங்கள். தொப்பை கரைந்தால் இதயக் கொழுப்பும் சுருங்கும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் மட்டும், ‘வாயு’ என்று சோடா குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இல்லை, ஓட வேண்டாம், ஆட்டோவில் போங்கள்!