உலகக் கப்பற்சுற்றில் ஒரு துண்டு மட்டும்: ஒரு பன்னோக்கு ஆய்வு

ஆய்வு நோக்கம்

உலகைச் சுற்றும் சொகுசுக் கப்பல்கள் பல, வடகோளத்துக் குளிருக்குத் தப்பிச் சனவரித் திங்களில் புறப்படுகின்றன. சவுத்தாம்ப்டனிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ ஏறி, நூறு நாளுக்கு மேல் மிதந்து, ஏறிய இடத்திலேயே இறங்குவோர் முழுச்சுற்றுப் பயணிகள். அவ்வளவு நாள் தாங்காது என்று சிட்னியில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கிவிடுவோர் துண்டுப் பயணிகள். பின்னவர் வீடு திரும்பியதும் ‘உலகச் சுற்றுக் கப்பலில் போய்வந்தேன்’ என்கிறார். இக்கூற்று மெய்யா, பொய்யா, இரண்டுக்கும் இடைப்பட்டதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாக அமைகிறது.

இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்றும் எவரும் கேட்கவில்லை. இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். இதை வைத்து உதவித்தொகை பெறலாம்.

கருதுகோள்

துண்டுப் பயணி உலகம் சுற்றியவரே, சுற்றாதவரும் ஆவார். எப்படிப் போனாலும் மெய்ப்பிக்கப்படும் கருதுகோளே சிறந்தது என்பது நெறியாளர்கள் கண்ட உண்மை.

ஆய்வு எல்லை

கடல். சில இடங்களில் வானம்.

முன்னாய்வுகள்

இப்பொருள் குறித்த மூத்த நூல் கடல்கோளில் போயிற்று. எந்தக் கடல்கோள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நூல் இருந்தது என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை. இருந்ததாக எழுதியவர் ஒருவர், மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதினார்கள். அந்நூலில் எஞ்சிய ஒரே வரியை எடுத்தாண்ட உரைக்கு எழுந்த குறிப்புரையின் நகல் இவ்வாய்வாளர் வசம் உள்ளது. அதில் அந்த வரி இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. மற்ற பக்கங்களைத் தொடாமல் விட்டிருப்பதால், அக்கரையான் நூலை முழுதும் படித்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. பின்வந்த அறிஞர்களைப் பற்றி அப்படிக் கருத இடமில்லை.

வகைப்பாடு

துண்டுப் பயணிகள் ஐவகைப்படுவர்.

ஒன்று, பணம் போதாதவர். விளக்கம் வேண்டா.

இரண்டு, விடுப்புக் கிடைக்காதவர். மேற்படி.

மூன்று, வெள்ளோட்டம் பார்ப்பவர். முழுச்சுற்றுக்குப் பணம் கட்டுமுன், கணவனும் மனைவியும் ஒரே அறையில் எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும் என்று சோதிப்பவர். சோதனை தோற்றால் இருவரும் விமானத்தில் தனித்தனி வரிசையில் திரும்புவர்.

நான்கு, கடல்நாள் விரும்பி. கரை தெரியாத நாள்களுக்காகவே பசிபிக் துண்டை வாங்குபவர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹொனலூலுவுக்கே நான்கைந்து நாள் தண்ணீர்தான். இவரிடம் எந்த ஊரைப் பார்த்தீர்கள் என்று கேட்கக் கூடாது.

ஐந்து, ஒட்டுப்போடுபவர். ஆண்டுக்கு ஒரு துண்டாக வாங்கி, ஐந்தாறு ஆண்டில் உலகை முடிக்க நினைப்பவர். ஆண்டுதோறும் கப்பல் தடம் மாறும். இவ்வாண்டு மேற்கே போனது அடுத்த ஆண்டு கிழக்கே போகும். 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், சூயஸ் வழி போகவிருந்த உலகச் சுற்றுக் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. சூயஸ் துண்டு மட்டும் பாக்கி வைத்திருந்த ஒட்டுப்போடுபவரின் நிலையை எண்ணிப் பார்க்கவும்.

பிள்ளையாரை ஆறாம் வகையாகச் சேர்க்க வேண்டும் என்றார் மதிப்பீட்டாளர் ஒருவர். பிள்ளையார் எந்தத் துறைமுகத்திலும் ஏறவில்லை. பரிந்துரை ஏற்கப்படவில்லை.

வரலாற்றுப் பின்புலம்

உலகைச் சுற்றியவர் மகெல்லன் என்று பள்ளியில் படித்தோம். ஆய்ந்து நோக்கின் அவரும் துண்டுப் பயணியே. 1519 செப்டம்பரில் ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினை விட்டவர், 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்சின் மக்டான் தீவில் கொல்லப்பட்டார். மிச்சத்தை முடித்தவர் எல்கானோ. 1522 செப்டம்பர் 6 அன்று விக்டோரியா என்ற கப்பலில் 18 பேர் ஊர் சேர்ந்தார்கள். மன்னர் எல்கானோவுக்கு உலக உருண்டை பொறித்த குலச்சின்னம் ஒன்றை வழங்கினார். நீரிணையும் பாடப்புத்தகமும் மகெல்லனுக்குப் போயின.

மகெல்லன் தரப்பிலும் வாதம் உண்டு. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அவர் அங்கே இருந்தார். கிழக்கு வழியாக ஒருமுறை, மேற்கு வழியாக ஒருமுறை என இரு துண்டுகளையும் ஒட்டினால், மலாக்காவுக்கும் மக்டானுக்கும் நடுவே ஏறத்தாழ 22 பாகை மட்டும் இடைவெளி விழுகிறது. அவர் மலாக்காவைத் தாண்டியும் கிழக்கே போனாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். அந்த 22 பாகைக்குள் எத்தனையோ பேராசிரியர்களின் பதவி உயர்வு அடங்கியிருக்கிறது.

மலாக்காவில் அவர் பிடித்த அடிமை என்ரிக்கே, அங்கிருந்து ஐரோப்பா போய், மேற்கு வழியாகப் பிலிப்பைன்ஸ் வந்து, தம் மலாய்ப் பேச்சு அங்கே விளங்கக் கண்டார். 1521 மே மாதம் செபுவில் குழுவை விட்டார். பதிவுகளையும் அத்தோடு விட்டார். அவர் பயணச்சீட்டு வாங்கியவரல்லர், தாமே சொத்தாகக் கொள்ளப்பட்டவர். ஆகவே மேற்கண்ட ஐந்து வகையிலும் அவரைச் சேர்க்க இயலவில்லை, குறை வகைப்பாட்டினுடையது.

பீகிள் கப்பலில் டார்வின் 1831 முதல் 1836 வரை முழுச்சுற்றும் போனார். ஓவியர் கான்ராட் மார்டென்ஸ் 1833இல் மாண்டிவிடியோவில் ஏறி மறு ஆண்டு வால்பரைசோவில் இறங்கி, தனி வழியில் சிட்னிக்குப் போய்விட்டார். 1836இல் பீகிள் சிட்னிக்கு வந்தபோது டார்வின் அவரிடம் ஓவியங்களை விலைக்கு வாங்கினார். துண்டுப் பயணிக்கு முழுச்சுற்றுப் பயணி பணம் கொடுத்த அரிய நிகழ்வு இது.

துண்டுப் பயணத்தின் சிறப்பை ஐயமற நிறுவியவர் அயர்லாந்தின் பாதிரியார் பிரான்சிஸ் பிரவுன். உலகச் சுற்றுக்கும் அவர் ஏறிய டைட்டானிக்குக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஆய்வேட்டின் பக்கங்கள் நிறைய வேண்டும். 1912 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனிலிருந்து குயின்ஸ்டவுன் வரைக்கும் மட்டும் அவருக்குச் சீட்டு. நியூயார்க் வரை வாருங்கள், செலவு எங்களுடையது என்றது கப்பலில் பழகிய பணக்காரத் தம்பதி ஒன்று. அவர் அனுமதி கேட்டுத் தந்தி கொடுத்தார். உடனே இறங்கு என்று சபைத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. இறங்கினார். அவர் எடுத்த படங்களும் அவரோடு கரை சேர்ந்து புகழ்பெற்றன. மேலதிகாரி ஒருவர் விண்ணப்பத்தை உடனே நிராகரித்ததால் நன்மை விளைந்ததற்கு ஆவணச் சான்று இது. பல்கலைக்கழகப் பதிவாளர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் பின்பற்றக் கூடாது.

1909இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய கிளீவ்லண்ட் கப்பலின் உலகச் சுற்று சான்பிரான்சிஸ்கோவில் முடிந்தது. பனாமா கால்வாய் 1914இல்தான் திறந்தது. எனவே மிச்ச உலகை ரயிலில் முடித்தார்கள். தொடர்ச்சியாகச் சுற்றிவந்த முதல் சொகுசுக் கப்பல் என்ற பெயர் 1922இல் புறப்பட்ட லக்கோனியாவுக்கு. உலகம் சுற்றும் வாலிபனோ (1973) ஹாங்காங், ஜப்பான், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆசியத் துண்டோடு நின்றுவிட்டார். தலைப்பை எவரும் எதிர்க்கவில்லை. ஐம்பது ஆண்டாகத் தமிழுலகம் இக்கட்டுரையின் கருதுகோளை ஏற்றே வந்திருக்கிறது.

சட்ட நோக்கு

துண்டை எங்கே வெட்டலாம் என்பதைக் கடல் முடிவு செய்வதில்லை. 1886இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று முடிவு செய்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணியை ஏற்றி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. நடுவே ‘தொலைவான’ அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். உலகச் சுற்றுக் கப்பல்கள் பெர்முடா, பகாமாஸ், நெதர்லாந்து என்று ஏதோவொரு கொடியில் ஓடுகின்றன. எனவே லாஸ் ஏஞ்சலிஸில் ஏறி ஹொனலூலுவில் இறங்கும் துண்டு விற்பனைக்கு இல்லை. வழியில் மெக்சிகோவின் என்செனாடாவைத் தொட்டாலும் பயனில்லை. அது அயல்நாடு, தொலைவு அன்று. ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து பனாமா வழியே லாஸ் ஏஞ்சலிஸ் போகலாம், கொலம்பியாவின் கார்த்தஹேனாவையோ அரூபாவையோ தொட்டுவிட்டால். ஜமைக்காவைத் தொட்டால் போதாது. இங்கே தொலைவு என்பது மைலில் அளக்கப்படுவதன்று, சட்டப்பிரிவில் அளக்கப்படுவது. இதை 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டத்தோடு குழப்பிக்கொள்வோர் பலர். அது சரக்கைப் பற்றியது. கீழ்த்தளத்துச் சன்னலில்லா அறையில் படுத்துப் பார்த்தால் அக்குழப்பத்தின் நியாயம் புரியும்.

நாள்கணக்கியல்

இவ்வாய்வின் உயிர்நாடி இப்பகுதியே. பொறுமையுள்ளோர் தொடர்க.

மேற்கு நோக்கிப் போகும் கப்பலில், ஏறத்தாழ 15 பாகைக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். அன்று நாளுக்கு 25 மணி; ஒரு மணி கூடுதலாகத் தூங்கலாம். சுற்று முடிவதற்குள் இப்படி 24 மணி சேரும். சேர்ந்ததைப் பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஒரே வாயில் விழுங்கும். செவ்வாய் இரவு படுத்தவர் வியாழன் காலை எழுவார். முழுச்சுற்றுப் பயணிக்கு வரவும் செலவும் நேர்.

துண்டுப் பயணியின் பேரேட்டில்தான் சிக்கல். பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஏறிச் சிட்னியில் இறங்குபவருக்குக் கடிகாரம் ஐந்து முறை பின்னே போகும், ஒரு முழுநாள் பறிபோகும். வரவு 5 மணி, செலவு 24 மணி, பற்று 19 மணி. அதே சிட்னியில் ஏறி, பிரிட்டனின் கோடை நேரம் தொடங்குமுன் சவுத்தாம்ப்டன் சேர்கிறவருக்கு வரவு 11 மணி, செலவு சுழி. முதலாமவரின் புதன்கிழமையை இரண்டாமவர் பிய்த்துத் தின்கிறாரா?

இங்கே அறிஞர் உலகம் பிளந்தது. கடன் கோட்பாட்டினர், பறிபோன நாள் கப்பலின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்பர். நன்கொடைக் கோட்பாட்டினர், அது பின்வரும் பயணிகளுக்கு மனமுவந்து அளிக்கப்பட்டது என்பர். இரு சாராருக்கும் சமரசம் காண ஒரு மாநாடு கூட்டப்பட்டது. அது புதன்கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது. கப்பலில் அவ்வாரம் புதன் இல்லை. நடைபெறாத அம்மாநாட்டின் மலரில், வாசிக்கப்படாத கட்டுரை ஒன்றின் நாற்பதாம் அடிக்குறிப்பு (மலர் 39ஆம் அடிக்குறிப்போடு முடிகிறது), விழுங்கப்பட்ட தேதியில் பிறந்தநாள் வரும் பயணிக்கு அவ்வாண்டு வயது ஏறாது என்று துணிகிறது. இதற்கு எழுந்த மறுப்புரை ஏழு மடலம். ஏழாம் மடலம் முழுவதும் ஆறாம் மடலத்தின் பிழைதிருத்தம். மறுப்பின் சாரம்: வயது ஏறும், கேக்தான் வராது.

ஆதாரம் கேட்போருக்கு முதன்மைச் சான்று ஒன்று தருகிறேன், இது நடந்தது. மகெல்லனோடு போன இத்தாலியர் பிகாபெட்டா நாள் தவறாமல் குறிப்பு எழுதியவர். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளில் கரைக்குப் போனவர்கள், இன்று வியாழன் என்று கேட்டுவந்தார்கள். அவர் ஏட்டிலோ புதன். எழுதுவதில் பிழையில்லை, உலகம்தான் உருண்டை என்று பின்னர் விளங்கிற்று. கிழக்கே போனால் மாறாக ஒரு நாள் மிஞ்சும். ஜூல் வெர்னின் ஃபாக் 80 நாள் பந்தயத்தை வென்றது அந்த மிச்சத்தில்தான்.

இனி முடிச்சை அவிழ்ப்போம். 19 மணி பற்றோடு சிட்னியில் இறங்கியவர் விமானமேறி நேரே லாஸ் ஏஞ்சலிஸ் திரும்புகிறார். காலை 11 மணிக்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்து, அதே தேதி காலை 6 மணிக்கு இறங்குகிறார். 19 மணியும் கைக்கு வந்துவிட்டது. கணக்கு நேர், ஆனால் உலகம் சுற்றவில்லை, போன வழியே வந்திருக்கிறார். அவரே மலிவாகக் கிடைத்ததென்று சிட்னியிலிருந்து லண்டன் வழியாகத் திரும்பினால்? கப்பலில் 5, லண்டன் வரை 11, அங்கிருந்து ஊருக்கு 8. கூட்டினால் 24, பறிபோன நாளோடு நேர். பேரேடு மூடப்படுகிறது. ஒரே ஒரு துண்டுக்குப் பணம் கட்டியவர் உலகத்தையே சுற்றிவிட்டார், அதுவும் தமக்குத் தெரியாமல்.

ஆகவே கருதுகோளின் இரு பாதியும் மெய்ப்பட்டன. உலகம் சுற்றியவரா என்பதைத் தீர்மானிப்பது கப்பற்சீட்டு அன்று, திரும்பும் விமானச்சீட்டு.

கப்பற்சமூகவியல்

மேல்தளத்துச் சாய்வு நாற்காலிகளில் விடியுமுன் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் கப்பலிலும் உண்டு. டவுன் பஸ் சன்னல் வழியே துண்டை வீசுகிறவர்கள் அங்கே வேற்றூர் போன உணர்வே அடையமாட்டார்கள். முழுச்சுற்றுப் பயணிக்கு இது நூறு நாள் அனுபோக பாத்தியதை. துண்டுப் பயணி ஏறிய மறுநாளே அதில் உட்கார்கிறார். பிற்பகல் வினாடி வினாவுக்குக் குழு சேர்ப்பதிலும் இதே பூசல். பழைய குழுவின் புவியியல் நிபுணர் சிங்கப்பூரில் இறங்கிவிட்டார் என்றால், ஏறியவருக்குப் புவியியல் தெரியுமா என்று நேர்காணல் நடக்கும். மேலும் விரித்தால் நாற்காலிக்காரர்கள் வருந்துவர். பல்கலைக்கழகங்களிலும் அவர்கள் உளர்.

முடிவுரை

துண்டு, துண்டே. முழுமை, பல துண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு புதன்கிழமை. இதனைச் சொல்ல இத்தனை பக்கம் தேவையா எனில், ஆய்வேட்டுக்குக் குறைந்தபட்சப் பக்க வரம்பு இருக்கிறது, அதிகபட்ச வரம்பு மேசையின் தாங்குதிறன்.

இக்கட்டுரையை முழுச்சுற்றாகப் படிக்க வேண்டியவர்கள் புறத்தேர்வாளர்கள். அவர்கள் பொருளடக்கத்தில் ஏறி, நன்றியுரையில் தம் பெயர் வரும் பக்கத்தில் ஒரு நாள் தங்கி, கையெழுத்திடும் பக்கத்தில் இறங்கிவிடுவார்கள். பயணப்படி முழுச்சுற்றுக்கு.