பேக்கப்பா? இருக்கே சார்!

நம்மூர் அலுவலகங்களில் பேக்கப் எங்கே என்று கேட்டால், சர்வரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுவார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் இன்னும் அழியாமல் இருக்கும். மாற்றுச் சாவி செய்து அதே கொத்தில் கோத்து வைக்கும் சாமர்த்தியம் இது.

வெளிநாட்டுக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, சில வாடிக்கையாளர்களின் தரவும் பேக்கப்பும் ஜோடியாகச் சாம்பலாயின.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் சர்வர் மாறி டேட்டாபேஸை அழித்துவிட்டார். பாதுகாப்பு ஏற்பாடுகள் ஐந்து இருந்தன; எதுவும் நம்பும்படி இயங்கவில்லை. ‘பேக்கப் தோல்வி’ என்று எச்சரித்த மின்னஞ்சல்கள்கூடப் போய்ச் சேரவில்லை. கடைசியில் மானத்தைக் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் எடுத்திருந்த பிரதி.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறிடத்தில். விதி இவ்வளவுதான். இந்த வாரமே ஒரு பழைய கோப்பை உங்கள் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். ஆடிட்டர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.