பல்லிக்குப் பொறுப்பில்லை

கொக்குவிலில் வீடுகளுக்கு ஏசி பூட்டுவது உள்ளூர்க்காரருக்காக அல்ல. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து வந்து இறங்குகிறவர்களுக்காக. அவர்களும் இங்கே பிறந்து, இதே வெயிலில் பட்டம் விட்டு, ஓலைப்பாயில் படுத்து எழும்பியவர்கள்தான். விமானம் ஏறும்போது அந்தத் தோலைக் கழற்றி இங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்தால் முதல் கேள்வி, "ஏசி ரூம் இருக்கோ?" சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு.

என் அண்ணர் ஸ்காபரோவில் இருக்கிறார். 1990 இல் மின்சாரம் போய், வருடக்கணக்காக வராமல் கிடந்த குடாநாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எடுத்த மனிசன். மேல்மாடி அறைக்கு ஏசி பூட்டச் சொல்லிக் காசு அனுப்பியது அவர்தான். "பிள்ளையளுக்குத்தான்ரா, எனக்கில்லை" என்று நான் கேளாமலே சொன்னார். திரும்பவும் சொன்னார்.

ஐயா கட்டிய ஓட்டு வீட்டுக்கு இந்தச் சாமான் தேவைப்பட்டதில்லை. நடுவில் முற்றம், சுற்றி விறாந்தை, வேலியோரம் வேம்பு. சோளகம் தொடங்கினால் விறாந்தையில் பகல் நித்திரையே கொள்ளலாம். இப்போது காங்கேசன்துறை வீதியின் இரு பக்கமும் கொங்கிறீற் தட்டுத்தான். பகல் முழுக்க வெயிலைக் குடித்து, ராத்திரி படுக்கிறவன் தலையில் இறக்கும்.

கடைக்காரர் "பத்து வருஷம் வொரன்ரி, ஐயா" என்றார். பெட்டியில் ஒட்டியிருந்த வட்டத்திலும் பெரிய எழுத்தில் 10. உத்தரவாத அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்தால் அந்தப் பத்து கொம்பிறசருக்கு மட்டும். மற்றதெல்லாம் இரண்டு வருடம். கம்பனிக்காரர் விசரர் இல்லை. கொம்பிறசர் இரும்புக் கூட்டுக்குள் எண்ணெயில் தோய்ந்து மூடிக் கிடக்கிற பண்டம், இலேசில் பழுதாகாது. பழுதாவது அதை ஆட்டி வைக்கிற மின்சுற்றுப் பலகை. எங்கள் பேச்சில் 'போட்'. இன்வேட்டர் ஏசிக்கு அதுதான் மூளை, கழுத்தை அறுக்கிற விலையும் அதற்குத்தான். பத்து வருடத்தைப் பழுதாகாத சாமானுக்குக் கொடுத்துவிட்டு, பழுதாகிற சாமானுக்கு இரண்டைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கணக்குக் கெட்டிக்காரத்தனத்தைச் சீதனப் பேச்சுக்காரர்கூட இன்னும் எட்டவில்லை.

இந்த இயந்திரம் மனிதருக்காகப் பிறந்ததும் அல்ல. 1902 இல் நியூயோர்க் புறூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றுக்குக் கடதாசி விரிவதும் சுருங்குவதுமாக இருந்து, ஒரு நிறத்தின் மேல் மற்ற நிறம் பொருந்தாமல் போனது. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் காற்றைக் குளிராக்கி ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கைச் செய்தார். கடதாசி சுகமாக இருந்தது. மனிதர் பிறகுதான் உள்ளே போய் இருந்தார்கள். கொக்குவில்காரருக்கு இது விளங்காத விசயம் அல்ல. சுருட்டுக் கொட்டில்களில் புகையிலையின் பதத்தை எங்கள் பெரியவர்கள் பார்த்த பார்வையை, பெண்சாதி பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதும் பார்த்ததில்லை.

அண்ணர் குடும்பம் வந்து இறங்கிய கிழமை ஏசி நின்றது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மாறி மாறி மின்னின. பெறாமகன் அதைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது வெளிப்பெட்டியில பிழை" என்றான். எனக்கு நிம்மதி. இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. அட்டை இருக்கிறது. ஒரு போன் அடித்தால் போதும் என்று மனிசியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சங்கக்கடைக் கூப்பன் காலத்திலிருந்து என்னோடு வாழ்கிறவள்.

சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அமத்தினேன். வாத்திய இசை வந்தது. தமிழுக்குரிய பிள்ளை வந்தபோது எனக்குத் தேத்தண்ணி ஆறிவிட்டது.

"உங்கட இடம் எங்க சேர்?"

"கொக்குவில்."

"சரி சேர், பதிஞ்சிட்டன். நாளைக்கு ஆக்கள் வருவாங்க."

அடுத்த நாள் மத்தியானம் அழைப்பு வந்தது. "சேர், நாங்க வந்திட்டம். பீச் ரோட்டில நிக்கிறம். உங்கட வீடு எந்தப் பக்கம்?" கொக்குவிலில் ஏது கடற்கரை? மேலும் விசாரித்ததில் அவர்கள் நின்றது கொக்கலவில். காலிக்கு அந்தப் பக்கம், தீவின் மற்றத் தொங்கலில். கணினியில் 'கொக்' என்று அடித்ததும் முதலில் வந்த ஊரைப் பிள்ளை அமத்தியிருக்கிறது. அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை; அந்த வெயிலில் இல்லாத வீட்டைத் தேடியது அவர்கள்தானே.

கடைசியில் வந்த பெடியன் கோண்டாவில் ஆள். கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். எந்த ஒழுங்கை, ஆற்றை மகன் என்ற விசாரணையெல்லாம் முடிந்து, சொந்தம் இல்லை என்றாலும் சொந்தத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். வேலை நடந்துவிடும் என்று மனம் சொன்னது. அவன் ஏணி வைத்து ஏறி வெளிப்பெட்டியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"ஐயா, இதை ஒருக்கா வந்து பாருங்கோ."

போட்டின் மேல், இரண்டு செப்பு முனைகளுக்குக் குறுக்கே, ஒரு பல்லி கருகிக் காய்ந்து கிடந்தது. பெட்டிக்குள் கணகணப்பு இருக்கும், பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் பல்லி வரும், அது ஒரு முனையில் காலையும் மற்ற முனையில் வாலையும் வைத்தால் கதை முடிந்தது என்று பெடியன் விளங்கப்படுத்தினான். நாலு கோணத்தில் படம் எடுத்தான். "கம்பனிக்கு அனுப்ப வேணும், ஐயா. ஆனா பல்லியெண்டா தரமாட்டினம்."

அட்டையின் பின்பக்கத்தில் அது இருந்தது. பூச்சி, ஊர்வன, கொறிக்கும் பிராணி, மின்னல், வெள்ளம், மின்னழுத்தக் கூடுதல் குறைவு ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது. அதாவது யாழ்ப்பாணத்தில் ஒரு சாமானுக்கு என்னென்ன நடக்குமோ அவ்வளவுக்கும் செல்லாது. எங்கள் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் இருக்கிறது. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன என்று ஒவ்வோர் உறுப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். மின்சுற்றுப் பலகையில் விழுந்தால் என்ன பலன் என்பதை மட்டும் முன்னோர் விட்டுவிட்டார்கள். கம்பனிக்காரர் நிரப்பியிருக்கிறார்கள்: பொருள் நட்டம்.

மனிசிதான் சரியான கேள்வியைக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, பல்லி போற அளவுக்கு ஓட்டை விட்டுப் பெட்டி செய்தது நாங்களோ, அவையோ? பல்லி இல்லாத வீடு இந்த ஊரிலை எங்கை இருக்கு?"

அதை நான் அப்படியே கொழும்பு மேலாளரிடம் ஒப்புவித்தேன். அவர் மிகுந்த மரியாதையானவர். "இயற்கைக் காரணி" என்றார். அப்போதுதான் எனக்குக் குரங்கு நினைவுக்கு வந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முழு இலங்கையும் இருண்டதே. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த வினை என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிச் சிரித்தன. "அரசாங்கம் குரங்கிலை பழியைப் போட்டாலும் அண்டைக்கே கரண்டைத் திருப்பித் தந்தது. நீங்கள் பல்லியிலை பழியைப் போட்டிட்டுச் சும்மா இருக்கிறியள்" என்றேன். மேலாளர் சிரித்தார். சிரித்துவிட்டு, அசல் பற்றுச்சீட்டை அனுப்பும்படி கேட்டார்.

பற்றுச்சீட்டு! இப்போது கடைகளில் தருகிற வழுவழுத்த கடதாசிக்கு மை கிடையாது. சூட்டில் கறுக்கிற பூச்சுத்தான் எழுத்து. வைத்திருக்கிற இடம் வெக்கை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடும். எங்கள் மேல்மாடி அலுமாரியில் கிடந்த சீட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. கடதாசியைக் காப்பாற்றப் பிறந்த இயந்திரம் தன்னுடைய கடதாசியை மட்டும் காப்பாற்றவில்லை. நான் தலையில் கை வைத்தபோது மனிசி உள்ளே போய்க் காணி உறுதிக் கட்டை எடுத்து வந்தாள். அதற்குள், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் தோம்புக்கும் நடுவில், பற்றுச்சீட்டின் போட்டோக்கொப்பி. வாங்கிய அன்றே எடுத்தாளாம். இடம்பெயர்ந்து திரும்பிய சனத்துக்குக் கடதாசியின் அருமை தெரியும்.

கொப்பி போதாது, அசல் வேண்டும் என்றார் மேலாளர். பிறகு மின்னழுத்தம் பற்றிக் கேட்டார். பிறகு வேறொரு மேலாளர் வந்தார். அவருக்குப் பல்லியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

ஊர் இதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பகுதி, "கம்பனியிலை ஆரையும் தெரியுமோ?" என்று கேட்டது. யாழ்ப்பாணத்தில் எந்தக் காரியத்துக்கும் இதுதான் முதல் கேள்வி. ஒருவரின் மருமகனின் சகலன் அந்தக் கம்பனியின் கணக்குப் பகுதியில் இருப்பது தெரிய வந்தது. அவரைப் பிடித்தபோது, அவர் வீட்டு ஏசியும் பழுதாகி, அவரும் ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அண்ணர் இதையெல்லாம் பார்த்து, "கனடாவிலை உப்பிடி நடக்காது" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டார். ஒரு தை மாதம், வெளியில் மைனஸ் இருபது, பேஸ்மன்றில் ஃபேர்னஸ் நின்றுவிட்டதாம். அங்கேயும் பத்து வருடம்தான். ஆனால் பூட்டி 60 அல்லது 90 நாளுக்குள் கம்பனியில் பதிந்திருந்தால்தான் பத்து, பதியாவிட்டால் ஐந்து. அண்ணருக்கு வீடு விற்ற ஆள் பதியவில்லை. சாமானுக்கு ஒருபடியாகச் சம்மதித்தபோது, பூட்டுகிற கூலி உத்தரவாதத்தில் இல்லை என்றார்கள். குளிர்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு குடும்பமே கட்டிலில் இருந்து போன் அடித்த கதையை அவர் வியர்க்க வியர்க்கச் சொல்லி முடித்தார். சூடாக்குகிற பெட்டிக்கும் குளிராக்குகிற பெட்டிக்கும் அட்டை எழுதுகிறவர் ஒருவர்தான் போலும்.

ஊரில் சட்டத்தைப் பிடி என்ற மற்றப் பகுதியின் தலைவர் பக்கத்து வீட்டுப் பிரக்கிராசியார். பிரக்கிராசி அவருடைய தகப்பன், இவர் சட்டத்தரணி. ஆனால் வீட்டுக்கு விழுந்த பேர் விழுந்ததுதான். அவர் லண்டன் வழக்கொன்று சொன்னார். 1891 இல் கார்பொலிக் புகைக்குண்டு என்று ஒரு சாமான் விற்றார்கள். அதை உறிஞ்சியும் இன்புளுவன்சா வந்தால் 100 பவுண் தருவோம், அதற்கென்று 1000 பவுண் வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம். கார்லில் என்ற அம்மா சொன்னபடி நாளுக்கு மூன்று தரம் உறிஞ்சினார். அடுத்த தை மாதம் காய்ச்சல் வந்தது. காசைக் கேட்டார். விளம்பரத்தில் சொன்னதையெல்லாம் ஆர் நம்பச் சொன்னது என்றது கம்பனி. மேன்முறையீட்டு நீதிமன்றம், கொடுத்த வாக்குக் கொடுத்ததுதான், கட்டு என்றது. "அந்த அம்மா 96 வயது மட்டும் இருந்து 1942 இலைதான் செத்தவ, மாஸ்ரர். வழக்காடுறது உடம்புக்கு நல்லது" என்றார் பிரக்கிராசியார்.

அவரே கடிதத்தை எழுதித் தந்தார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பிரிவு 13. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். விசாரித்து, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு, அல்லது நட்டஈடு கொடு என்று அதிகாரசபை கட்டளையிடலாம். மனிசியின் ஓட்டைக் கேள்வி இரண்டாம் பந்தியில், சட்டத் தமிழில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நின்றது: வெப்பவலய நாட்டில் விற்கும் வெளிப்பெட்டியை அந்நாட்டுப் பிராணிகள் நுழையாவண்ணம் அமைக்காமை உற்பத்திக் குறைபாடு. பல்லியின் படம் இணைப்பு ஒன்று. போட்டோக்கொப்பி இணைப்பு இரண்டு. பதிவுத் தபாலில் கம்பனிக்கு, பிரதி அதிகாரசபைக்கு.

நான் இவ்வளவு நாளும் தொலைபேசியில் பேசிய தமிழெல்லாம் செய்யாததை அந்தப் 'பிரதி' என்ற ஒரு வரி செய்தது. மூன்றாவதாக ஒரு மேலாளர் தாமாகவே அழைத்தார். பல்லி உத்தரவாதத்துக்குள் வராது என்பதில் மாற்றமில்லை. ஆயினும் நல்லெண்ண அடிப்படையில் போட்டை இலவசமாக மாற்றுவார்கள். இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். இட்டேன். கம்பனிகள் தோற்கும்போது தோல்விக்கு வைத்திருக்கிற பேர் நல்லெண்ணம்.

கோண்டாவில் பெடியன் வந்து பூட்டினான். தன் கைக்காசில் வாங்கிய நுண்வலையையும் காற்றோட்டம் தடைப்படாத இடமாகப் பார்த்து வயர்த் துவாரங்களில் அடைத்துவிட்டுப் போனான். மனிசி அவனுக்குச் சோறு போட்டாள். அதற்குள் நல்லூர்த் தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்து, அண்ணர் குடும்பம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்து, ஐப்பசி மழையும் தொடங்கியிருந்தது. அறை இறுகக் குளிர்ந்தது. போர்த்திக்கொண்டு சோதித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினோம்.

மாற்றிய போட்டுக்குப் புதிதாக இரண்டு வருடம் கிடையாது. பழைய இரண்டில் மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவுதான் என்று புதுத் தாளில் அச்சடித்திருக்கிறது. ஆகையால் ஏசி வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே பற்றுச்சீட்டைப் போட்டோக்கொப்பி எடுத்துக் காணி உறுதியோடு வையுங்கள். பழுதானால் தொலைபேசியில் தொண்டை கிழியக் கத்தாதீர்கள், கடதாசியில் எழுதுங்கள். அதிகாரசபையின் இலக்கம் 1977, அலுவலகம் கச்சேரியில். பிரதி போடுவதை மட்டும் மறக்க வேண்டாம்.